வேர்டில் மேலே இருந்த பட்டன்கள் காணவில்லை, ஹோம், இன்சர்ட் என்ற பெயர்கள் மட்டும் நிற்கின்றன

கண்ட்ரோலை அழுத்திக்கொண்டே எஃப்1 தட்டுங்கள், எல்லாம் திரும்பி வந்துவிடும். லேப்டாப்பில் சத்தம் கூடிக் குறைந்தாலோ திரை வெளிச்சம் மாறினாலோ எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

எதுவும் அழியவில்லை. ஹோம் என்ற பெயரை ஒரு கிளிக்குக்குப் பதில் இரண்டு கிளிக் செய்திருப்பீர்கள், அதற்கே அந்தப் பட்டை சுருங்கிவிடும் (புதிதாகப் பழகும் எல்லோருக்கும் கை இப்படித்தான் ஓடும், எனக்கும் ஓடியது).

சந்தேகமிருந்தால் ஹோமை ஒரே ஒரு முறை கிளிக் செய்து பாருங்கள்: பட்டன்கள் எட்டிப் பார்த்துவிட்டு, நீங்கள் தாளில் தட்டச்சு செய்யப் போனதும் மறைந்தால், சுருங்கித்தான் இருக்கிறது. அதே பெயரில் இரண்டு கிளிக் செய்தாலும் சரியாகிவிடும்.

ஆனால் கண்ட்ரோல், எஃப்1 விசைகள் விண்டோஸ் வேர்டுக்கு மட்டும். மேக்கில் ஆப்ஷன், கமாண்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்.