மண்டபமா, மொட்டை மாடியா?

வணக்கம்.

மகளுக்கு அடுத்த மாதம் நான்கு வயது முடிகிறது. என் கணவர் அதற்குள் ஒரு மினி ஹால் பார்த்து வைத்துவிட்டார். இருநூறு பேர், பலூன் வளைவு, மைக் பிடித்து விளையாட்டு நடத்த ஓர் ஆள், மூன்றடுக்கு கேக், பிரியாணி. "எத்தனை வீட்டுக்கு மொய் செஞ்சிருக்கோம், நமக்குன்னு ஒரு விசேஷம் வேண்டாமா" என்கிறார். பிள்ளைக்குக் காதுகுத்து இன்னும் நடத்தவில்லை. போன வருஷம் இதையே கொஞ்சம் சிறிதாகச் செய்தோம். கேக் வெட்டும் நேரத்தில் அவள் தூங்கிவிட்டாள். எழுப்பி நிறுத்தி, கத்தியைக் கையில் திணித்து, அழ அழ போட்டோ எடுத்தோம். செலவைக் குறைப்பது என் நோக்கம் இல்லை. அவள் மனதில் நிற்கிற மாதிரி ஒரு பிறந்தநாள் வேண்டும், அவ்வளவுதான். என்ன செய்யலாம்?

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தில் பலூனையும் கேக்கையும் தாண்டி மொய்தான் என் கண்ணில் பட்டது. உங்கள் பக்கத்தில் மொய் சாதாரண விஷயம் இல்லை. செய்த முறை நோட்டில் ஏறியிருக்கும். திரும்பி வர நம் வீட்டில் ஒரு விசேஷம் நடந்தாக வேண்டும். கல்யாண வயதில் பிள்ளை இல்லை, புது வீடும் கட்டவில்லை என்றால் மனிதர் என்ன செய்வார்? பிறந்தநாள்தான் கையில் கிடைக்கும். அதனால் உங்கள் கணவர் பகட்டுக்கு ஆசைப்படுகிறார் என்று நான் நினைக்கவில்லை. கணக்கு சரி, தேதிதான் சரியில்லை.

காதுகுத்து பாக்கி இருக்கிறதே! ஒற்றைப்படை வயதில் செய்வது வழக்கம். நான்கு முடிந்துவிட்டால் ஐந்தாவது வயது நடப்புதான். குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தி, கறிவிருந்து போட்டு, வாசலில் மேஜை நாற்காலியோடு மொய் எழுத இரண்டு பேரை உட்கார வைக்கலாம். இருநூறு என்ன, ஐந்நூறு பேரையே கூப்பிடுங்கள். அங்கே பிள்ளை அழுதால் யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை. அழாவிட்டால்தான் கேள்வி வரும். இதைக் கணவரிடம் சொல்லிப் பாருங்கள். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்திருந்தால் தேதியை மாற்றித் தரக் கேளுங்கள், பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள்.

முதல் பிறந்தநாளை ஊரைக் கூட்டிச் செய்வதில் ஒரு நியாயம் இருந்தது. இந்தியாவில் 1971-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. 2020-இல் அது 28. ஆண்டு நிறைவு என்று ஹோமம் வளர்த்ததும் விருந்து வைத்ததும் அந்தக் கண்டத்தைக் கடந்துவிட்ட பெருமூச்சு. அது பெரியவர்களின் நாள். அதற்குப் பின்னால் வந்த பிறந்தநாட்களை அந்தத் தலைமுறை பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. தலைக்கு மேலாகக் கையை வளைத்து மறுபக்கத்துக் காதைத் தொட்டவனைப் பள்ளியில் சேர்த்து, வாத்தியார் தோதாக ஒரு தேதியை எழுதிவிடுவார். நம் தாத்தாக்களில் பாதிப் பேர் மே, ஜூன் மாதங்களில் பிறந்திருப்பது இப்படித்தான்.

நான்கு வயதுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் என்ன என்று கேட்டிருக்கிறீர்களா? டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குழந்தை உளவியல் ஆராயும் ஜாக்குலின் வூலி, மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் கதை சொல்லி இதைச் சோதித்தார். 2017-இல் கட்டுரை வந்தது. ஒரு குழந்தைக்குப் பார்ட்டி வைக்கவே இல்லை, இன்னொரு குழந்தைக்கு இரண்டு தடவை வைத்தார்கள், இப்போது யாருக்கு என்ன வயது? பார்ட்டி நடக்காததால் வயது ஏறவில்லை என்றும், இரண்டு நடந்ததால் இரண்டு வயது ஏறிவிட்டது என்றும் சொன்ன பிள்ளைகள் அதில் உண்டு. அந்த வயதில் நாள்காட்டி புரியாது. கேக்கை வெட்டினால்தான் நான்கு. உங்கள் மகளும் அப்படி நினைக்கிற பிள்ளையாக இருந்தால், போன வருஷம் தூக்கக் கலக்கத்தில் அவளை மூன்று வயதாக்கியிருக்கிறீர்கள். அழாமல் என்ன செய்வாள்?

ஆகவே நேரம்தான் முதல் விஷயம். மதியம் தூங்கி எழுந்து, முகம் கழுவி, வயிற்றில் ஏதாவது போன பிறகு, நாலரை மணி. மொட்டை மாடியில் வெயில் இறங்கியிருக்கும். ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுங்கள். வயதுக்கு ஒன்று கூட்டி அத்தனை பிள்ளைகளைக் கூப்பிடு என்று மேல்நாட்டில் ஒரு கணக்கு சொல்வார்கள். நம் வீடுகளில் சித்தி பிள்ளைகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுமே அதைத் தாண்டிவிடும். பத்துக்குள் இருந்தால் போதும். யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவளிடமே கேளுங்கள். பூக்காரம்மாவையோ வேன் டிரைவர் மாமாவையோ சொன்னால் அவர்களையும் கூப்பிடுங்கள்.

விளையாட்டு என்றதும் எல்லோரும் மியூசிக்கல் சேரைத்தான் எடுப்பார்கள். நான்கு வயதுக்கு அது வேண்டாம். முதல் சுற்றிலேயே ஒரு பிள்ளை வெளியே போய், அம்மா சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும், அதைத் தேற்றுவதிலேயே கால் மணி நேரம் ஓடிவிடும். யாரும் அவுட் ஆகாத விளையாட்டாகப் பாருங்கள். 'ஒரு குடம் தண்ணி ஊத்தி ஒரு பூ பூத்துச்சாம்' இருக்கிறது. இரண்டு பேர் கை கோத்து வளைவாக நிற்க, மற்றவர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு உள்ளே புகுந்து வருவார்கள், கடைசியில் ஒருவரைப் பிடிப்பார்கள். மாட்டியவரும் சிரிக்கிற விளையாட்டு அது. குடத்தை நாலோடு நிறுத்திக்கொண்டால் அவள் வயதுக்கும் கணக்குச் சரியாக வரும். 'கொல கொலயா முந்திரிக்கா'வும் சரிப்படும், ஆனால் துணியைப் பின்னால் போட்டதைக் கவனிக்காமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குப் பெரியவர் யாராவது கண் காட்ட வேண்டியிருக்கும்.

சரி, மனதில் நிற்குமா? நேர்மையாகச் சொன்னால், பெரும்பாலோருக்கு முதல் நினைவு மூன்று, மூன்றரை வயதில்தான் தொடங்குகிறது. நான்கு வயதுப் பிறந்தநாள் அந்த விளிம்பில் இருக்கிறது. கேத்தரின் நெல்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்த வயதுப் பிள்ளைகளிடம் பிறந்தநாள் விழாவில் என்ன நடக்கும் என்று கேட்டு ஆராய்ந்தவர். கேக் சாப்பிடுவோம், பரிசு பிரிப்போம், வீட்டுக்குப் போவோம் என்கிற மாதிரி வரிசையாகச் சொல்வார்கள். அந்த ஒரு நாளின் அலங்காரத்தைவிட, வழக்கமாக நடக்கிற வரிசைதான் அவர்களுக்குப் பிடிபடுகிறது. அதனால் வருஷாவருஷம் மாறாமல் வருகிற ஒன்றை உங்கள் வீட்டுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் தலைக்குக் குளித்ததும் கதவு நிலையில் நிற்க வைத்து உயரத்துக்குக் கோடு போடுவது, ஆச்சி கையால் பாயசம், எதுவானாலும் சரி. தீம் மட்டும் வருஷத்துக்கு ஒன்றாக மாறி, மற்ற எதுவுமே திரும்ப வராவிட்டால் பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்?

அப்புறம் பேச்சு. இதை யாரும் பட்ஜெட்டில் சேர்ப்பதில்லை. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் ராபின் ஃபைவுஷும் அவரைப் போன்றவர்களும் பல ஆண்டுகள் ஆராய்ந்து சொன்னது இது: நடந்ததைப் பற்றிப் பிள்ளையோடு விரிவாகப் பேசுகிற தாய்மார்களின் பிள்ளைகள் பழையதைக் கூடுதலாக நினைவில் வைத்திருக்கிறார்கள். "ஜாலியா இருந்துச்சா?" என்று கேட்டால் "ம்" என்பதோடு முடிந்துவிடும். "மெழுகுவத்திய அணைக்கிறப்ப யாரு நடுவுல வந்து ஊதினா? அப்ப நீ என்ன பண்ணின?" என்று கேளுங்கள். அன்று இரவு ஒரு தடவை, அடுத்த வாரம் போட்டோ பார்க்கும்போது ஒரு தடவை. அவள் தப்பாகச் சொன்னால் உடனே திருத்த வேண்டாம். அவள் சொல்லச் சொல்லத்தான் அது அவளுடைய நினைவாகும். மண்டபத்து மைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்த வேலையைச் செய்ய மாட்டார்.

இரண்டு எச்சரிக்கைகள். ஸ்நோ ஸ்ப்ரே வாங்கவே வாங்காதீர்கள். அந்த டப்பாக்களில் நுரையைத் தள்ளுவது பெரும்பாலும் எளிதில் தீப்பிடிக்கிற வாயு. மெழுகுவர்த்தி எரியும்போது, ஆர்வக்கோளாறில் எந்தச் சித்தப்பாவாவது அதை அடித்தால் பிள்ளையின் முடிக்கும் நைலான் கவுனுக்கும் ஆபத்து. பறக்கிற பலூன் கேட்டு அடம்பிடித்தால், கடைக்காரர் நிரப்புவது ஹீலியமா என்று விசாரியுங்கள். மலிவாகக் கிடைப்பது பலசமயம் ஹைட்ரஜன், அதுவும் குப்பென்று பிடிக்கும். வெடித்த பலூன் துண்டுகளை உடனுக்குடன் பொறுக்கிவிடுங்கள், சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டால் தொண்டையை அடைத்துவிடும்.

ரிட்டர்ன் கிஃப்ட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள். பிளாஸ்டிக் பென்சில் டப்பா ஏற்கெனவே எல்லார் வீட்டிலும் அரை டஜன் கிடக்கிறது. ஆளுக்கு ஒரு பாட்டில் சோப்புத் தண்ணி கொடுத்து, ஊதி முட்டை விடச் சொல்லி மாடியிலேயே பிரிக்க விட்டுவிடுங்கள். தரை வழுக்கும், ஒரு வாளித் தண்ணீரும் துடைப்பமும் தயாராக இருக்கட்டும்.