எதற்கும் இருக்கட்டும்

ஐயா, வணக்கம்.

மலேசியா, கிள்ளானிலிருந்து எழுதுகிறேன். என் மகள் இவ்வாண்டு படிவம் நான்கு. மலாய், ஆங்கிலம், வரலாறு, நன்னெறி, கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல், தமிழ்மொழி, தமிழ் இலக்கியம் என்று, அடுத்த ஆண்டு எழுதும் எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வுக்குப் பதினொரு பாடம் எடுத்திருக்கிறாள். வாரத்தில் ஆறு நாள் டியூஷன். இரவு ஒரு மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுகிறாள். முதல் சோதனையில் கூடுதல் கணிதம் 38, இயற்பியல் 51. கட்டடக்கலை படிக்க ஆசை என்கிறாள். ஒரு பாடத்தைக் குறைக்கும்படி பள்ளியில் சொல்கிறார்கள். தமிழ் இலக்கியத்தை விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். உயிரியல் எதற்கும் இருக்கட்டும், நாளைக்கே மனம் மாறி மருத்துவம் என்றால் என்ன செய்வது? இலக்கியப் பாட நாவலை இதற்குள் இரண்டு முறை படித்துவிட்டாள். அந்த நேரத்தில் உயிரியலில் இரண்டு பாடம் முடித்திருக்கலாம். பத்து ஏ எடுத்தால், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பில் இடம் உறுதி என்பதால் பத்துக்குக் கீழே போக முடியாது. எத்தனை பாடம், எவை எவை என்று சொல்லுங்கள். எந்த இணைய வகுப்பு நல்லது, விடுதிப் பள்ளிக்கு மாற்றலாமா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

— ஒரு தந்தை

அன்புள்ள நண்பருக்கு,

இணைய வகுப்பைப் பற்றிக் கேட்க நான் ஆளில்லை. விடுதிப் பள்ளி வேண்டாம். பிள்ளை உங்கள் கண்ணெதிரே இருக்கும்போதே நான்கரை மணி நேரம்தான் தூங்குகிறது. கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு அனுப்பி என்ன செய்யப் போகிறீர்கள்?

முதலில் தூக்கம். அவள் வயதுக்கு எட்டு மணி நேரமாவது வேண்டும் என்று எந்த மருத்துவரும் சொல்வார். மகள் ஒரு மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுகிறாள் என்பதைக் காய்ச்சல் என்று எழுதுவதுபோல எழுதியிருக்க வேண்டும். நீங்கள் அதை டியூஷன் அட்டவணையோடு சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். 38 வாங்கியதைப் பார்த்துக் கணக்கு வராத பிள்ளை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தூங்காத தலையில் லாகரிதம் எப்படி நிற்கும்?

இனி அந்த இரண்டு சொல். 'எதற்கும் இருக்கட்டும்.' கடிதத்தில் அதைப் படித்ததும் அதற்கு மேல் போக முடியவில்லை.

அது நம் வீட்டுச் சொல். எங்கள் ரப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டில் என் அம்மாவின் கட்டிலுக்கடியில் கைப்பிடி போன குடை, ஓட்டை மங்கு, கண்ணாடி இல்லாத மண்ணெண்ணெய் விளக்கு எல்லாம் கிடந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று வைத்தது. தோட்டத்தை எப்போது விற்பார்கள், எப்போது வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று தெரியாமல் வாழ்ந்தவர்கள் அப்படித்தான் சேர்ப்பார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். மெட்ரிகுலேஷன் இடங்களில் 90 விழுக்காடு மலாய்க்காரர் முதலான பூமிபுத்ராக்களுக்கு, மிச்சம் 10 விழுக்காட்டில் சீனர், இந்தியர் எல்லோரும் என்று இருக்கும் நாட்டில் உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். 2024-ல் பிரதமர் அன்வார், பத்து ஏ எடுத்த எல்லா இனப் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு என்று அறிவித்தபோது நானும் மகிழ்ந்தேன். மறு ஆண்டே ஏ மைனஸும் ஏ-வா என்று பெரிய வாக்குவாதம். அதை விடுங்கள். எனக்குக் கவலை வேறு. அந்தப் பத்து இப்போது ஒவ்வொரு வீட்டிலும் சுவரில் எழுதிய எண்ணாகிவிட்டது. பத்தை எட்ட வேண்டும், எதற்கும் பதினொன்றாக இருக்கட்டும். பதினொன்றில் ஒன்று சறுக்கினால்? எதற்கும் பன்னிரண்டு.

ஆனால் குடையும் மங்கும் கட்டிலுக்கடியில் சும்மா கிடக்கும். சோறு கேட்காது. உயிரியல் அப்படிக் கிடக்குமா? வாரம் நான்கு பாடவேளை, ஆய்வுக்கூட அறிக்கை, ஒரு டியூஷன், அந்த டியூஷனுக்கு வீட்டுப்பாடம். எதற்கும் இருக்கட்டும் என்று நீங்கள் வைத்தது ஒவ்வொரு இரவும் உங்கள் மகளின் ஒரு மணி நேரத்தைத் தின்கிறது. கட்டடக்கலைக்குக் கணிதம் வேண்டும், இயற்பியல் வேண்டும், கை வரைய வேண்டும். தவளையின் இதயத்தில் எத்தனை அறை என்பது எதற்கு? உயிரியலை விட்டால் மருத்துவம், பல் மருத்துவம் பக்கம் போவது கடினம், அதை மறைக்கவில்லை. அந்த ஆசை அவளுக்கு உண்டா என்று அவளிடமே ஒரு முறை கேளுங்கள். பக்கத்து வீட்டார் இல்லாத நேரத்தில் கேளுங்கள். இல்லை என்று சொன்னால் அத்தோடு விடுங்கள். கலைப் பிரிவு, அறிவியல் பிரிவு என்ற பாகுபாட்டையே 2020-ல் அரசாங்கம் எடுத்துவிட்டது. நம் வீடுகளில் மட்டும் இன்னும் மூன்று அறிவியல் பாடமும் சேர்ந்தே வரவேண்டும், ஒன்று குறைந்தால் மானம் போய்விடும்.

இன்னொன்றும் உங்களுக்கு நினைவிருக்க வேண்டும். ஒரு காலத்தில் எஸ்.பி.எம்.மில் எத்தனை பாடமும் எடுக்கலாம். 2004-ல் நூர் அமாலினா 17 ஏ எடுத்தார். நான்கு ஆண்டு கழித்து நிக் நூர் மடிஹா 20 ஏ. பத்திரிகையெல்லாம் அவர்கள் படம்தான். 2009-ல் அப்போதைய கல்வி அமைச்சர் முகிதீன் யாசின் பத்துப் பாடத்துக்கு மேல் கிடையாது என்றார். யோசித்தால் பிள்ளைகளுக்கு நல்லதுதான். ஆனால் அறிவியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒன்பது பாடம் போக ஓரிடம்தான் மிஞ்சும். தமிழ்மொழியா இலக்கியமா என்று ஒன்றைக் கைவிட வேண்டும். ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள், மனு கொடுத்தார்கள். கடைசியில் அரசாங்கம் பத்தோடு இரண்டு என்று இறங்கி வந்தது. அந்த இரண்டு இடமும் உயிரியலுக்காகக் கேட்டு வாங்கியவை அல்ல. நெருக்கடி என்றதும் நீங்கள் முதலில் தூக்கிப் போடுவது இலக்கியத்தை.

போன மாதம் சுங்கைப்பட்டாணிப் பக்கம் எங்கள் பழைய தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று, தூண்கள் சாய்ந்து இன்னும் நிற்கிறது. அன்றிலிருந்து அது மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. உங்கள் கடிதம் அப்போதுதான் வந்தது.

1988. நான் படிவம் நான்கு. எங்கள் இடைநிலைப்பள்ளிக் கால அட்டவணையில் தமிழ் இல்லை. பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்பு நடத்தலாம் என்பது சட்டம். பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் வீடு வீடாக நடந்து பதினைந்து கையெழுத்து வாங்கினார். சரியாகப் பதினைந்து. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வகுப்பு. எட்டடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே அவருடைய மோட்டார் சைக்கிள் வாசலில் நிற்கும்.

தோட்டத்து எழுத்தர், அதாவது கிராணி, ஒருநாள் அப்பாவிடம், பையனுக்கு வாணிபம் எடுத்து வைத்தால் எதற்கும் உதவும் என்றார். வாணிப டியூஷனும் சனிக்கிழமை காலையில்தான். அப்பா பால் வெட்டி வந்து களைத்துப் படுத்திருந்தார். 'நீயே பார்த்துக்கோ' என்றார். நான் பார்த்துக்கொண்டேன். தமிழை விட்டேன்.

பதினான்கானது. பள்ளி முதல்வர் எண்ணிப் பார்த்தார், வகுப்பு இல்லை என்றார். ஆசிரியர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீதிப் பதினான்கு பேரையும் கோயில் கொட்டகைக்கு அழைத்துப் போய்விட்டார். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் பட்டணத்துக்குப் போகும் பேருந்து அந்த வழியாகத்தான் போகும். ஜன்னலில் அவர் மோட்டார் சைக்கிள் தெரியும். சில நாள் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் சத்தம் கேட்கும். ஒன்றரை வருடம் அதைக் கடந்து போனேன். வாணிபத்தில் சி6 வாங்கினேன். அந்தப் பாடத்தை அதற்குப் பிறகு நான் எதற்கும் எடுத்ததில்லை. தமிழை முப்பது வயதில், இரவு வேலை முடித்து வந்து, ஒற்று மிகும் இடமும் மிகா இடமும் எழுதி எழுதிப் பார்த்து, தனியாகப் படித்தேன். அதற்குள் ஆசிரியர் இறந்துவிட்டார்.

இதைச் சொல்வதால், தமிழைக் காப்பாற்ற உங்கள் மகள் இலக்கியம் படிக்க வேண்டும் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் ஒரு சமூகத்தை ஏற்றக் கூடாது. அவளுக்கு அந்தப் பாடம் பிடிக்கவில்லை என்றால் இன்றே விடச் சொல்லியிருப்பேன். ஆனால் நீங்களே எழுதுகிறீர்கள், நாவலை இரண்டு முறை படித்துவிட்டாள் என்று. பதினொரு பாடம் நெரிக்கும் பிள்ளை, யாரும் சொல்லாமல், சோதனையும் இல்லாமல், ஒரு புத்தகத்தை முடித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்குப் போயிருக்கிறாள். அதைப் புகார் மாதிரி எழுதியிருக்கிறீர்களே, ஐயா! அவள் மூச்சு விடும் ஒரே இடம் அதுதானோ என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா? அந்தப் பாடத்துக்கும் கடையில் விளக்கவுரை வாங்கி வந்து மனப்பாடம் செய்யச் சொல்லிவிடாதீர்கள். அவள் படிக்கிறபடி படிக்கட்டும்.

நீங்கள் கேட்ட கணக்கு இதுதான். பதினொன்றில் உயிரியலை எடுத்துவிட்டால் பத்து. உங்கள் பத்தும் இருக்கிறது, தமிழ்மொழியும் இலக்கியமும் இருக்கின்றன. ஆறு நாள் டியூஷனைக் கூடுதல் கணிதத்துக்கும் இயற்பியலுக்குமாக மூன்று நாளாக்குங்கள். வேதியியலுக்குப் பள்ளி ஆசிரியர் போதும் என்று மகள் சொன்னால் நம்புங்கள். ஒன்பதரைக்கு விளக்கை அணையுங்கள். முதல் வாரம் அவளுக்குத் தூக்கம் வராது, பழகவில்லை. அதட்ட வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள்.

உட்கார்ந்திருக்கும்போது, அந்த நாவலில் எந்த இடத்துக்காக இரண்டாம் முறை போனாள் என்று கேளுங்கள். சொன்னால் எனக்கும் எழுதுங்கள்.