ஷோபா: ஒரு கடிதம்

வணக்கம் சார்,

குன்னூரில் டாக்ஸி ஓட்டுகிறேன். சீசனில் வண்டி ஏறுகிற புது ஜோடிகளில் பாதிப் பேர் ‘என் இனிய பொன் நிலாவே’ போடச் சொல்கிறார்கள். போன வாரம்தான் அந்தப் பாட்டு வருகிற ‘மூடுபனி’ படத்தை முழுசாகப் பார்த்தேன். அதில் கதாநாயகியாக நடித்த ஷோபா பதினேழு வயதில் போய்விட்டதால்தான் அவரைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமோ? இருந்திருந்தால் நாலு வருஷத்தில் அக்கா, தங்கச்சி வேஷத்துக்குப் போயிருப்பார், நாமும் மறந்திருப்போம். அவர் சாவைப் பற்றியும் நீங்கள் எழுத வேண்டும்.

ஒரு வாசகர், குன்னூர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பாட்டு எந்தக் கட்டத்தில் வருகிறது என்று ஜோடிகளிடம் சொல்லிவிடாதீர்கள், ட்ரிப்பே கெட்டுவிடும். பிரதாப் போத்தன் கிடாரோடு உருகுவது, ஊட்டிக்குக் கடத்திக்கொண்டு வந்த பெண்ணிடம். யேசுதாஸ் குரலில் நமக்கு அது மறந்துபோகிறது. ஷோபாவுக்கு மறக்கவில்லை. உட்கார்ந்து கேட்பதுதான் அவர் வேலை. பயமும் இரக்கமும் அந்த ஒரே முகத்தில் இருக்கின்றன.

அவர் இறந்தது 1980 மே 1. படம் வந்தது நவம்பரில். அன்றைக்குத் தியேட்டரில் பார்த்தவர்களுக்கு அந்த முகம் வேறு மாதிரித்தான் பட்டிருக்கும். அந்த அளவுக்கு நீங்கள் சொல்வது சரி.

ஆனால் தங்கச்சி வேஷத்துக்குப் போயிருப்பார் என்கிறீர்களே, அவர் பேர் வாங்கியதே அதில்தானே? ‘முள்ளும் மலரும்’ (1978) வள்ளி, ரஜினிக்குத் தங்கை. படம் வந்தபோது ஷோபாவுக்குப் பதினாறு முடியவில்லை. கல்யாணத்துக்குக் கிளம்பிய வள்ளி, ஒற்றைக் கையோடு நிற்கும் அண்ணனைப் பார்த்ததும் கூட வந்தவர்களை விட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். அப்புறம் ரஜினி பேசும் வசனத்தை ஊரே சொல்கிறது. அவள் அப்படி ஓடி வராவிட்டால் அந்த வசனம் எடுபட்டிருக்காது.

அதே வருஷம் ‘நிழல் நிஜமாகிற’தில் வீட்டு வேலைக்காரி. 1979இல் ‘அழியாத கோலங்கள்’, விடலைப் பையன்கள் கிறங்கிக் கிடக்கும் டீச்சர். அதே ஆண்டு ‘பசி’யில் சென்னைக் குடிசையிலிருந்து காகிதம் பொறுக்கப் போகிற குப்பம்மா, லாரி டிரைவரை நம்பி ஏமாறுகிறவள். தேசிய விருது அதற்குத்தான். மற்ற நடிகைகள் மார்க்கெட் போன பிறகு அரைமனதாக ஒத்துக்கொள்கிற வேஷங்களை இவர் வரும்போதே எடுத்துக்கொண்டார். வயதாகியிருந்தால் இவருக்கு என்ன குறைந்திருக்கும்?

சாவைப் பற்றி நான் எழுதுவதாக இல்லை. நாற்பது வருஷத்துக்கு மேலாக மற்றவர்கள் எழுதியதே போதும்.

பர்லியார் பக்கம் மண் சரிந்து சவாரி இல்லாத நாளில் ‘பசி’யைப் பாருங்கள். ரிக்‌ஷாக்கார அப்பாவாக டெல்லி கணேஷ் வருகிறார், அவருக்காகவும் பார்க்கலாம்.