வாங்கிய கட்டடத்தில் ஏற்கெனவே குடியிருப்பவர்களைக் காலி செய்ய வைப்பது எப்படி?

நான்கு குடித்தனம் உள்ள கட்டடத்தைக் கிரயம் முடித்துவிட்டதாகவும், முன்பிருந்தே குடியிருப்பவர்கள் காலி செய்ய மறுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் இதே போன்ற நான்கு வரிசை வீடுகளை வாங்கி நான் பட்டதைச் சொல்கிறேன்.

வாங்குவதற்கு முன் 30 ஆண்டு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. நான்கும் மாத வாடகைதான் என்று விற்றவரும் உறுதியாகச் சொன்னார். பத்திரம் பதிந்த மறுவாரம் கடைசி வீட்டுக்குப் போனபோது, அங்கிருந்த அக்கா அரிசி டின்னுக்குள் கைவிட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய 20 ரூபாய் முத்திரைத்தாளை எடுத்து நீட்டினார். ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மூன்று ஆண்டு ஒத்தி; அதாவது மொத்தமாகப் பணம் கொடுத்து வாடகையில்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அந்தப் பணத்தைத் திரும்பப் பெறும் ஏற்பாடு. அடியில் விற்றவரின் கையெழுத்து. பதிவு செய்யாத ஒத்தி வில்லங்கச் சான்றில் வராது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

அந்தத் தாள் செல்லாது என்று வாதாடலாம் என்றார் வழக்கறிஞர். ஆனால் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி வாங்குபவர் விற்றவரின் இடத்தில்தான் நிற்கிறார். வீட்டில் ஒருவர் குடியிருந்தால், அவருக்குள்ள உரிமையை அறிந்தே வாங்கியதாகவும் அந்தச் சட்டம் கொள்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த அக்கா பணம் கொடுத்தது உண்மை. விற்றவர் என் தொலைபேசியையே எடுக்கவில்லை. நகையை அடகு வைத்து, இரண்டு தவணையாக நானே கொடுத்துத் தீர்த்தேன். ஏமாளி என்று சிலர் சொல்லக்கூடும். கணவரை இழந்த ஒருவரின் ஒத்திப் பணத்தை விழுங்கிவிட்டு அந்த வீட்டில் விளக்கேற்ற எனக்கு மனம் வரவில்லை.

குடிநீர்க் குழாயை அடைத்து மின்சாரத்தைத் துண்டித்தால் தானாகப் போய்விடுவார்கள் என்று என் மைத்துனரே யோசனை சொன்னார். அதைச் செய்துவிடாதீர்கள். 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அதைத் தடுக்கிறது. வாடகைதாரர் முறையிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

முதல் வீட்டில் இருந்தவர் விசைப்படகுத் தொழிலாளி. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானம் இல்லாமல் இரண்டு மாத வாடகை நின்றுபோயிருந்தது. அந்தப் பாக்கியைக் காட்டி வழக்குப் போட்டிருக்கலாம். ஆனால் படகு கடலுக்குப் போகும்வரை பொறுத்திருந்து, காலி செய்யும் தேதியை இருவரும் எழுதிக் கையெழுத்திட்டுக்கொண்டோம். பாக்கியை அட்வான்சில் கழித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுத்தேன். ஆகஸ்டில் அவரே சாவியைக் கொண்டுவந்து தந்தார்.

ஆகவே, நோட்டீஸ் அனுப்புவதற்கு முன் நான்கு வீட்டுக்கும் நீங்களே நேரில் போய், அட்வான்ஸ் எவ்வளவு, ஒத்தி ஏதும் உண்டா, அதற்குத் தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். விற்றவருக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய தொகை இன்னும் மீதமிருந்தால், இந்தக் கணக்கு முடியும்வரை அதைக் கொடுத்துவிடாதீர்கள்.