'டவுட்' கேட்டதற்கா கோபம்?

சகோ, சோழிங்கநல்லூர் ஆபீஸிலிருந்து அமெரிக்க கிளையன்டுக்கு 'ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் டிசைன்' என்று மெயில் போட்டதும், 'என்ன குறை கண்டீர்கள்?' என்று அவர் சிடுசிடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். இலக்கணத்தில் தப்பே இல்லை. வம்பு நம்ம 'சந்தேகத்தில்' இருக்கிறது.

'சார், ஒரு சந்தேகம்' என்று வகுப்பில் கை தூக்கினால் புரியவில்லை என்று அர்த்தம். 'அவன் மேல சந்தேகம்' என்றால் நம்பவில்லை. தமிழில் ரெண்டுக்கும் ஒரே சொல். அமெரிக்கர் காதில் 'டவுட்' பெரும்பாலும் ரெண்டாவதுதான். 'உங்க டிசைன் தேறுமா?' என்று கேட்டது போலத்தான் அவருக்குப் பட்டிருக்கும். (ஸ்பானிஷ்காரர்களும் 'டூடா' என்ற சொல்லை நம்மைப் போலவே ரெண்டுக்கும் வைத்துக்கொள்வார்கள். நாம் தனியாள் இல்லை!)

இனி 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' போதும். இப்போதைக்கு, 'விளக்கம்தான் கேட்டேன்' என்று ஒரு வரி மெயில் தட்டிவிடுங்கள்.

இன்னொரு கண்ணி: 'நோ டவுட்' என்று அவர் எழுதினால் சத்தியம் என்று எடுத்துக்காதீங்க, பல நேரம் 'அநேகமாக' அவ்வளவுதான். அடித்துச் சொல்வது 'வித்தவுட் எ டவுட்'.