குன்னூர் மலைக்கு சிங்கிள் எக்ஸாஸ்டா டூயலா? போலோ ஜிடிக்காரருக்கு ஒரு பதில்

வெலிங்டன்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணா, என்கிட்ட இருக்கறது போலோ ஜிடி டிஎஸ்ஐ, பழைய 1.2 நாலு சிலிண்டர், ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரோட செட்டிங்க மாத்தறது) பண்ணியாச்சு. வாராவாரம் மேட்டுப்பாளையம் வழியா கோயம்புத்தூர் போய்ட்டு வரேன். அங்க ஒரு கடையில டூயல் எக்ஸாஸ்ட் (ரெண்டு புகைக்குழாய்) போட்டா 15 குதிரை சக்தி கூடும், ஏத்தத்துல பிச்சுக்கிட்டு போகும்னு சொல்றாங்க. போடலாமா, இல்ல சிங்கிளே பெருசா மாத்தவா?"

சிங்கிளே போதும் தம்பி. ஏன்னு கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா கடைக்காரர் கிட்ட பேசும்போது உங்களுக்கு இது தேவைப்படும்.

வண்டிக்கு அடியில குனிஞ்சு பாருங்க. நாலு சிலிண்டர் புகையும் ஒரே மேனிஃபோல்ட்ல (எல்லாத்தையும் சேக்கற குழாய்ல) சேந்து ஒரே டர்போவுக்குள்ள (புகை வேகத்துல சுத்தி எஞ்சினுக்குள்ள காத்த அழுத்தித் தள்ளற விசிறி) போகுது, டர்போவுக்கு வெளிய வர்ற வாய் ஒண்ணே ஒண்ணுதான், அத ஒட்டியே கேட்-கான் (புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர்), அப்புறம் ஒரு பைப் பின்னாடி வரைக்கும். இதுல நிஜமான டூயல்னு ஒண்ணு வைக்கவே வழியில்ல. கடையில செய்யப்போறது கடைசி சைலன்சர் கிட்ட பைப்ப கவட்டையா பிரிச்சு ரெண்டு பக்கமும் டிப் (குழாய் முனை) நீட்டுறதுதான். ஆக்டேவியா விஆர்எஸ்ல ரெண்டு பக்கமும் வாய் இருக்கேன்னு கேப்பீங்க, அதுவும் நாலு சிலிண்டர் டர்போதான், அங்கயும் முன்னாடி இருந்து வர்றது ஒரு பைப், பின்னாடிதான் ரெண்டா பிரியுது. கம்பெனிக்காரனே அழகுக்குத்தான் வச்சிருக்கான், அதுல தப்பில்ல, ஆனா குதிரை அங்க இருந்து வரல.

டூயல் எங்க சரின்னா வி6, வி8 மாதிரி சிலிண்டர் ரெண்டு வரிசையா இருந்து, ரெண்டு பக்கமும் தனித்தனி மேனிஃபோல்ட் இருக்கற எஞ்சின்ல. 2016ல நம்ம ஊர்ல விக்க ஆரம்பிச்ச மஸ்டாங் ஜிடி, 5.0 வி8, அதுல ஒவ்வொரு பக்கமும் நாலு சிலிண்டர், ஆளுக்கொரு பைப் எடுத்துட்டுப் போறது இயல்பு. அங்கயும் ரெண்டையும் அப்படியே தனியா விட மாட்டாங்க, அந்த வகை வி8ல ஒரு பக்கத்து சிலிண்டர்கள் சம இடைவெளில வெடிக்காது, அதனால நடுவுல ஹெச் பைப்போ எக்ஸ் பைப்போ (அந்தந்த எழுத்து வடிவத்துல இருக்கற இணைப்புக் குழாய்) போட்டு ரெண்டையும் இணைப்பாங்க, அழுத்தம் சமமாகும், சத்தமும் மாறும். உங்க வண்டிக்கு இந்தப் பிரச்சனையே கிடையாது.

இப்ப கணக்கு. 2.5 இன்ச் பைப் ஒண்ணோட வாய்ப் பரப்பு சுமார் 4.9 சதுர இன்ச். 1.75 இன்ச் பைப் ரெண்டு சேத்தா 4.8, கிட்டத்தட்ட அதே அளவு. ஆனா புகை உரசிட்டுப் போற சுவர் ரெண்டு பைப்ல 40 சதவீதம் அதிகம், எடையும் கூட, வெல்டிங்கும் கூட. சரி ரெண்டுமே 2.25 போடறேன்னா பரப்பு 8 சதுர இன்ச்ச தொடும், 1.2 லிட்டர் எஞ்சினுக்கு அது எதுக்கு? ரீமேப் பண்ண உங்க வண்டிக்கு 2.25 இன்ச் ஒண்ணு தாராளம், பிற்காலத்துல பெரிய டர்போ ஆசை இருந்தா 2.5, அதுக்கு மேல வேண்டாம். இன்னொண்ணு, "எஞ்சினுக்கு பேக் பிரஷர் வேணும்"னு, அதாவது புகை வெளிய போறதுக்கு எதிரா ஒரு அழுத்தம் வேணும்னு, யாராச்சும் சொன்னா தலையாட்டிட்டு வந்துருங்க, எந்த எஞ்சினுக்கும் பேக் பிரஷர் வேண்டியதில்ல, டர்போ இல்லாத எஞ்சினுக்கு வேண்டியது புகையோட வேகம், பைப் ரொம்ப பெருசானா அந்த வேகம் செத்து கீழ் ஆர்பிஎம் இழுவை போயிடும். டர்போவுக்கு அந்தக் கவலையும் கம்மி, டர்போவுக்குப் பின்னாடி தடை எவ்வளவு குறையுதோ அவ்வளவு நல்லது. தடை எங்க இருக்குன்னா டவுன்பைப்லயும் (டர்போவ ஒட்டி கீழ இறங்கற முதல் பைப்) வளைவுகள்லயும், கடைசி ரெண்டு அடியில இல்ல.

மலை விஷயத்துக்கு வர்றேன், இதத்தான் கீழ இருக்கற கடைக்காரங்க யோசிக்கறதே இல்ல. குன்னூர் சுமார் 1,850 மீட்டர், ஊட்டி 2,240. குன்னூர்ல காத்தழுத்தம் கடல் மட்டத்த விட ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத வண்டி அத அப்படியே பவர்ல இழக்கும், ஏத்தத்துல மூச்சு வாங்கறது அதனாலதான். உங்க டர்போ கூடுதலா சுத்தி ஈடு கட்டப் பாக்கும். உதாரணத்துக்கு காத்து உள்ள போற பக்கத்து மேனிஃபோல்டுக்குள்ள 1.8 பார் மொத்த அழுத்தம் வேணும்னா (கடலோரக் காத்தழுத்தம் ஏறக்குறைய 1 பார்) கடலோரத்துல காத்த 1.8 மடங்கு அழுத்துனா போதும், குன்னூர்ல 2.2 மடங்கு அழுத்தணும். சின்ன டர்போ, ஏற்கனவே ரீமேப்ல முறுக்கி வச்சிருக்கு, மேல வந்தா இன்னும் முறுக்கணும். ஆக மேல பவர முடிவு பண்றது டர்போவோட எல்லைதான், டெயில் பைப் இல்ல. கோயம்புத்தூர் டைனோல (வண்டியோட பவர அளக்கற மிஷின்) காட்டற நம்பர் கோத்தகிரில வராது. மலைக்கு ஏத்த மாதிரி பூஸ்ட் (டர்போ அழுத்தம்) கொஞ்சம் அடக்கின மேப் இருக்கான்னு டியூனர் கிட்ட கேளுங்க, அந்தக் காசு எக்ஸாஸ்ட்ட விட உருப்படியா வேலை செய்யும்.

சத்தம். ஏத்தத்துல ரெண்டாவது மூணாவது கியர்ல 2,500ல இருந்து 3,500க்குள்ளதான் எஞ்சின் நிக்கும், மலிவான பெரிய சைலன்சர் கேன் போட்டா பெரும்பாலும் அந்த இடத்துலதான் கேபினுக்குள்ள ரீங்காரம் தொடங்கும், மேட்டுப்பாளையத்துல இருந்து வீடு வர்றதுக்குள்ள தலைவலி. நடுவுல இருக்கற ரிசோனேட்டர (ரீங்காரத்த அடக்கற சின்ன டப்பா) கழட்ட விடாதீங்க. பலாப்பழ சீசன்ல பர்லியார் பக்கம் யானை ரோட்டோரம் நிக்கும், அங்க வெடிச்சுக்கிட்டே இறங்கறது வீரம் இல்ல. சட்டமும் இருக்கு: 2019 திருத்தத்துக்கு அப்புறம் அனுமதி இல்லாம வண்டிய மாத்துனா ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபா அபராதம், 6 மாசம் வரை சிறை கூட போடலாம். சத்தம், புகை அளவு மீறுனா முதல் தடவையே 10,000 வரை போகும், லைசென்ஸும் 3 மாசம் முடங்கும். கேட்-கான கழட்டவே கழட்டாதீங்க.

கடைசியா துரு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணி ஆவியா வெளிய வருது. டிசம்பர் குளிர்ல வீட்ல இருந்து வெலிங்டன் பஜார் வரைக்கும் போய்ட்டு வந்தா பைப் சூடே ஏறாது, ஆவி தண்ணியாகி சைலன்சர்ல தங்கும். ரெண்டா பிரிச்சா ஒவ்வொண்ணுலயும் பாதிப் புகைதான், இன்னும் மெதுவா சூடாகும், இன்னும் சீக்கிரம் அரிக்கும். அது போக உங்க வண்டில ஸ்டெப்னி குழிய சுத்தி அந்தப் பக்கம் பைப் கொண்டுபோய் பம்பரையும் வெட்டணும், எஸ்டேட் ரோட்டுல தட்டறதுக்கு இன்னொரு பாகம்.

அதனால கடையில இப்படிக் கேளுங்க: கேட்-கானுக்குப் பின்னாடி இருந்து 2.25 இன்ச், 304 ஸ்டெயின்லஸ், நசுங்காத மேண்ட்ரல் பெண்ட், டிக் வெல்டிங், ரிசோனேட்டர் இருக்கணும், பழைய ஹேங்கர் ரப்பர் எல்லாம் புதுசு. சைலன்சரோட அடில பள்ளமான இடத்துல தண்ணி வடிய ஒரு சின்ன ஓட்டை வச்சிருக்காங்களான்னு கை வச்சுப் பாத்துட்டு காசு குடுங்க. ரெட்டை வாய் பாக்க ஆசையா இருந்தா ஒரே பக்கம் ரெட்டை டிப் போட்டுக்கோங்க, கம்மி செலவு, பம்பரும் தப்பிக்கும்.