எந்த ரௌட்டர் கணக்கு எழுதும்?

கேள்வி: வீட்டில் ஃபைபர் இணைப்பு. மூன்று போன், ஒரு டிவி, ஒரு கேமரா. எந்தக் கருவி எப்போது எங்கே தொடர்புகொள்கிறது என்பது என் கணினியில் பதிவாக வேண்டும். இப்போதுள்ள ரௌட்டரில் 'சிஸ்டம் லாக்' இருக்கிறது, ஆனால் அதில் எதுவும் தெரியவில்லை. எதை வாங்கலாம்?
– வாசகர், திருப்பூர்

பதில்: சாதாரண ரௌட்டரின் சிஸ்டம் லாக், ரௌட்டர் தன்னைப் பற்றித் தானே எழுதும் குறிப்புதான். லைன் போனது, வைஃபையில் ஒரு போன் சேர்ந்தது போன்றவையே அதில் இருக்கும். உங்களுக்கு வேண்டியது வேறு. ஒவ்வொரு புதிய இணைப்பையும் ஃபயர்வால் (போக்குவரத்தை விதிப்படி அனுமதிக்கும் அல்லது தடுக்கும் பகுதி) ஒரு வரியாக எழுத வேண்டும். அந்த வரி சிஸ்லாக் முறையில் (பதிவு வரிகளை வலை வழியாக வேறு கணினிக்கு அனுப்பும் முறை) கணினிக்குப் போக வேண்டும். வாங்கும் முன் பயனர் கையேட்டை இறக்கி, இந்த இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 'ரிமோட் லாக்' மட்டும் இருந்தால் பழைய குறிப்புகளே கணினிக்கு வரும், அவ்வளவுதான்.

நாங்கள் சொல்வது மைக்ரோடிக் நிறுவன ரௌட்டர். வைஃபையும் சேர்த்து வேண்டுமென்றால் ஹேப் ஏஎக்ஸ்2. இருக்கிற ரௌட்டரை வைஃபைக்கு மட்டும் வைத்துக்கொள்வதாக இருந்தால் ஹெக்ஸ் போதும்; 5 கிகாபிட் போர்ட் உண்டு, வைஃபை கிடையாது. பழைய ரௌட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு (வைஃபை மட்டும் தரும் முறை) மாற்றுங்கள். மாற்றாவிட்டால் எல்லாக் கருவிகளும் ஒரே ஐபி முகவரியில் (வலையில் கருவியை அடையாளம் காட்டும் எண்) தெரியும், பதிவு வீண். இணைய நிறுவனம் தந்த பெட்டியின் வைஃபையையும் அணைத்துவிடுங்கள். அதில் சேரும் போன் புது ரௌட்டர் வழியாக வராது.

முதலில் கணினிக்கு மாறாத ஐபி கொடுங்கள். பிறகு ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் சிஸ்டம், லாகிங், ஆக்‌ஷன்ஸ் என்று போய் 'ரிமோட்' என்பதில் அந்த முகவரியை இடுங்கள். போர்ட் யூடிபி 514 (சிஸ்லாக் வரிகள் கணினிக்குள் வரும் வாசல் எண்). ரூல்ஸ் பகுதியில் 'ஃபயர்வால்' தலைப்பை ரிமோட்டுக்குத் திருப்புங்கள். கடைசியாக ஐபி, ஃபயர்வால் பக்கத்தில் ஒரு விதி: செயின் ஃபார்வர்டு, வரும் வழி லேன் (வீட்டு வலை), கனெக்‌ஷன் ஸ்டேட் 'நியூ', ஆக்‌ஷன் 'லாக்'. அதைப் பட்டியலின் மேலே இழுத்து வையுங்கள். 'நியூ' என்பதை விட்டுவிட்டால் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு வரி எழுதப்படும், ரௌட்டர் திணறும்.

பலர் தவறவிடுவது ஐபிவி6 என்ற புதிய ஐபி முகவரி முறை. போன்களின் போக்குவரத்தில் பெரும்பகுதி அதில் போகக்கூடும். ஐபிவி6 ஃபயர்வாலில் அதே விதியைத் தனியாக எழுதாவிட்டால் பதிவில் பாதி காணாமல் போகும்.

வரிகளில் வெறும் ஐபி எண்தான் இருக்கும். தளத்தின் பெயர் வேண்டுமானால் லாகிங் ரூல்ஸில் 'டிஎன்எஸ்' (தளப் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சேவை) தலைப்புக்கு ரிமோட்டை நோக்கித் தனி விதி சேர்த்து, அதில் 'பாக்கெட்' தலைப்பை விலக்குங்கள். கருவிகள் ரௌட்டரையே டிஎன்எஸ் ஆகப் பயன்படுத்த வேண்டும். போனில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று வெளி சர்வர் பெயர் கொடுத்திருந்தால் இது வேலை செய்யாது. பெயர் கிடைத்தாலும், எச்டிடிபிஎஸ் தளத்தில் என்ன படித்தார்கள் என்பது எந்த ரௌட்டருக்கும் தெரியாது. வீட்டுக்குள் ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குப் போவதும் பதிவாகாது.

கணினி உபுண்டு என்றால், பதிவு வரிகளை வாங்கிச் சேமிக்கும் ஆர்சிஸ்லாக் மென்பொருளின் அமைப்புக் கோப்பில் யூடிபி வரிகள் இரண்டின் முன்னுள்ள # குறியை நீக்கி, சேவையை மறுபடி தொடங்குங்கள். விண்டோஸில் தனியாக ஒரு சிஸ்லாக் சர்வர் மென்பொருள் வேண்டும். யூடிபி 514 உள்ளே வர விண்டோஸ் ஃபயர்வாலில் அனுமதியும் தர வேண்டும். பதிவு வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். கணினி தூங்கும்போது வரும் வரிகள் போனது போனதுதான், யூடிபி திரும்ப அனுப்பாது. ரௌட்டரில் என்டிபியையும் (இணையம் வழியாகக் கடிகாரத்தைச் சரிசெய்யும் முறை) இந்திய நேரத்தையும் மறக்காமல் அமையுங்கள். நேரம் தப்பினால் பதிவை எதனோடும் ஒப்பிட முடியாது. போன்களில் இந்த வைஃபைக்கு மட்டும் ரேண்டம் மேக் முகவரியை (போன் தன் நிஜ அடையாள எண்ணை மறைக்கக் காட்டும் போலி எண்) நிறுத்துங்கள்; இல்லாவிட்டால் எந்த வரி எந்தப் போனுடையது என்று குழம்பலாம்.

வீட்டில் இருப்பவர்களிடம் இப்படிப் பதிவாகிறது என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: பழைய ரௌட்டரிலேயே ஓப்பன்டபிள்யூஆர்டி (ரௌட்டருக்கான இலவச மாற்று மென்பொருள்) போட்டால் போதாதா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: உங்கள் மாடலை ஓப்பன்டபிள்யூஆர்டி ஆதரித்து, 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ரேம் இருந்தால் தாராளமாகப் போடலாம். அடியில் ஒட்டியுள்ள லேபிளில் ஹார்டுவேர் பதிப்பைப் பாருங்கள். ஒரே மாடலில் வி1, வி2 இரண்டுக்கும் சிப் வேறாக இருக்கலாம், தவறான ஃபர்ம்வேர் (ரௌட்டரை இயக்கும் மென்பொருள்) ஏற்றினால் ரௌட்டர் செத்துவிடக்கூடும். சிஸ்டம் பக்கத்தின் லாகிங் பகுதியில் வெளி சர்வர் முகவரி கேட்கும். ஆனால் ஃபயர்வால் ஜோனில் (ஒரே விதிகளுக்கு உட்பட்ட வலைப் பகுதி) உள்ள 'லாகிங்' தடுக்கப்பட்டதை மட்டுமே எழுதும். அனுமதித்த இணைப்புகளுக்கு நீங்களே விதி எழுத வேண்டும். எந்தக் கருவி எவ்வளவு டேட்டா தின்கிறது என்பது மட்டும் தெரிந்தால் போதுமென்றால் என்எல்பிடபிள்யூமான் பொதியை நிறுவுங்கள்.